சர்ப்பம் சொன்னதும் அத்தனாசியுஸ் சொன்னதும் ஒண்ணுதானா? (தேவனாக்கப்படுதல் பத்தி)

கரையோரம்:
ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப ஒரு உதவி வேணும்னு எழுதறேன். ஞாயிறு சாயங்காலம் பெரியவங்களுக்கு வேதபாட வகுப்பு ஒண்ணு எடுக்கறேன். போன வாரம் மனுஷாவதாரம் பத்திப் பேசறப்ப, நாம தேவனாகும்படி அவர் மனுஷனானாருன்னு நாலாம் நூற்றாண்டு பிஷப் அத்தனாசியுஸ் எழுதினதைச் சொன்னேன். சொல்லி வாய் மூடல, பின்னாடி உக்காந்திருந்த ஒரு தம்பி எழுந்து, அக்கா ஆதியாகமம் மூணுல சர்ப்பமும் இதைத்தானே சொல்லுச்சு, "தேவர்களைப்போல் இருப்பீர்கள்"னு, அதை நம்பினதுக்குத்தானே ரெண்டு பேரும் தோட்டத்தை விட்டு வெளிய போனாங்க, அங்க பாவமா இருந்தது இங்க எப்படி நற்செய்தி ஆச்சுன்னு கேட்டான். வகுப்பே அமைதியாயிடுச்சு. அடுத்த வாரம் பதில் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவன் விதண்டாவாதம் பண்றவன் இல்லை, உண்மையாவே குழம்பித்தான் கேட்டான், அதனாலதான் மேலோட்டமா ஏதோ சொல்லி சமாளிக்க எனக்கு மனசு வரல. எனக்கே இதுல தெளிவு இல்லைங்கறது அன்னைக்கு ராத்திரிதான் புரிஞ்சது. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

வேதவாசகன்:
சிஸ்டர், அந்தத் தம்பி கேட்டது சரியான கேள்வி. என்னைக் கேட்டா அந்த வரியையே வகுப்புல சொல்லியிருக்கக் கூடாது. தேவன் ஒருவரே, "என் மகிமையை வேறொருவனுக்கும் கொடேன்"னு ஏசாயால அவரே சொல்லிட்டாரு. நாம படைக்கப்பட்டவங்க, அவர் படைச்சவர், அந்தக் கோட்டை அழிச்சா அப்புறம் சுவிசேஷத்துல மிச்சம் எதுவும் இருக்காது. நாம மன்னிக்கப்பட்ட பாவிகள், நீதிமான்கள்னு எண்ணப்படறோம், அது போதும். இந்த தெய்வமயம் எல்லாம் கிரேக்க தத்துவம் சபைக்குள்ள புகுந்ததோட விளைவு, ஆர்னாக் மாதிரி பெரிய சரித்திர அறிஞரே 19-ம் நூற்றாண்டு கடைசியில அப்படித்தான் எழுதியிருக்காரு.

பழையஏடு:
வேதவாசகன் தம்பி, கோட்டை அழிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, அதை மனசுல வச்சுட்டே மேல படிங்க. ஆனா இந்தப் பேச்சு தத்துவக்காரங்க கொண்டு வந்ததுன்னு சொல்லிட்டா பேதுருவை என்ன பண்றது? இரண்டாம் பேதுரு 1:4, "திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்களாகும்பொருட்டு"ன்னு நம்ம பைபிள்லயே இருக்கு. ஆண்டவரே யோவான் பத்துல சங்கீதம் 82-ஐ எடுத்து "தேவர்களாயிருக்கிறீர்கள்"ங்கற வசனத்தை வச்சு வாதாடறாரே. வார்த்தை வேதத்துலதான் இருக்கு, அதுக்கு என்ன அர்த்தம்ங்கறதுதான் கேள்வி.

கரையோரம் அம்மா, உங்க கேள்விக்கு ஒரு வாசல் அந்த வரியோட வினைச்சொல்லுலயே இருக்கு. "நாம தேவனாகும்படி"ன்னு நீங்க சொன்னீங்க, பல பேர் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா மனுஷாவதாரம் பத்தின அந்த நூலோட 54-ம் அதிகாரத்துல கிரேக்கத்துல இருக்கறது செயப்பாட்டு வினை, தெயோபொயேத்தோமென். தேவனா "ஆக்கப்படும்படி". ஆகறது வேற, ஆக்கப்படறது வேற, நம்ம தமிழ்ல இந்த வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சர்ப்பம் சொன்னதுல ஆக்கறவர் யாருன்னே இல்லை பாருங்க. பழத்தைத் தின்னுங்க, கண் திறக்கும், தேவர்களைப்போல் இருப்பீங்க, அவ்வளவுதான், நடுவுல தேவன் எதுக்குன்னு அது கேக்காம கேக்குது. தேவன் இல்லாம தேவனா இருக்கறது அது காட்டின வழி, தேவன்கிட்ட இருந்து வாங்கிக்கறது ஆதிச் சபையோட ஆசிரியர்களான பிதாக்கள் சொன்ன வழி.

மெழுகுவத்தி:
ஐயா சொன்ன வசனம் நாங்க வாசிக்கற பொது மொழிபெயர்ப்புல "இறைத்தன்மையில் பங்கு பெறுங்கள்"னு வருது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எனக்கு சுபாவம்ங்கற சொல்தான் ரொம்பப் பிடிக்குது, ஏன்னா சுபாவம்னா நாம பேச்சுல ஒருத்தரோட குணத்தைத்தான் சொல்வோம், அவர் சுபாவமே அப்படி, இரக்கப்படறவர்னு. அந்த அர்த்தத்துல எடுத்தா கடவுளோட இரக்கம், பொறுமை, தூய்மை எல்லாம் நம்ம சுபாவமா மாறணும்னு ஆயிடுது. ஆனா மூலத்துல இருக்கற ஃபூசிஸ்ங்கற சொல் அதைவிட ஆழமானது, இயல்பு, உள்ளமைவுங்கற அளவுக்குப் போகும், அதனால குணம் மட்டும்தான்னு சொல்லிச் சுருக்கவும் முடியல.

திருப்பலியில குருவானவர் திராட்சை இரசத்துல ஒரு துளி தண்ணி விடுவாரே, அப்ப மெதுவா ஒரு ஜெபம் சொல்லுவாரு, பல பேர் காதுல விழாது. நம்ம மனுஷத்தன்மையில பங்குபெறத் தாழ்ந்து வந்த கிறிஸ்துவோட இறைத்தன்மையில நாமும் பங்குபெறணும்ங்கறதுதான் அதோட பொருள். சின்ன வயசுல பீடச்சிறுவனா பக்கத்துல நின்னு அந்தத் தண்ணியை நான்தான் எடுத்துக் குடுப்பேன், என்ன குடுக்கறோம்னு தெரியாமலேயே பத்து வருஷம் குடுத்திருக்கேன். அதோட அர்த்தம் தெரிஞ்ச நாள்ல இருந்து அந்த இடம் வந்தா என்னால நிமிர்ந்து பாக்க முடியறதில்லை.

வேதவாசகன்:
பேதுரு வசனத்தை மறுக்கல ஐயா. ஆனா அதுக்கு அடுத்த வசனங்கள்ல பேதுரு தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமைனுதானே அடுக்கறாரு. அப்ப ஒழுக்கம் பத்தின பேச்சுதான் இது. அதுக்கு எதுக்கு தேவனாக்கப்படறதுன்னு இவ்வளவு பெரிய சொல்? ஜனங்க தப்பாத்தான் புரிஞ்சுக்குவாங்க. இங்கிலீஷ்லயாவது சின்ன எழுத்து பெரிய எழுத்துன்னு ஒரு வித்தியாசம் காட்டி எழுதறாங்க, தமிழ்ல அதுக்கும் வழி இல்லை, தேவன்னா தேவன்தான்.

புதுத்துளிர்:
தப்பாப் புரிஞ்சுக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும், அதனால இதை எழுதறேன். நான் முன்னாடி போயிட்டிருந்த ஒரு சபையில "நீங்க எல்லாரும் குட்டி தேவர்கள்"னு வாராவாரம் பிரசங்கம். தேவன் வார்த்தையால படைச்ச மாதிரி நீங்களும் வாயால சொன்னா நடக்கும், நடக்கலன்னா நீங்க யாருங்கறது உங்களுக்கே தெரியலன்னு அர்த்தம். எங்கம்மாவுக்கு உடம்பு முடியாமப் போனப்ப ஆறு மாசம் அவங்க வலியை வாய்விட்டுச் சொல்லவே பயந்தாங்க, சொன்னா அவிசுவாசம்னு ஆயிடும்னு. கடைசி வாரத்துல என்கிட்ட மட்டும் ரகசியமா, வலிக்குதுடி, ஆண்டவர் கோவிச்சுக்குவாரான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் இந்த மாதிரி வார்த்தை எதைக் கேட்டாலும் எனக்கு உள்ள நடுங்கும். இந்த இழையோட தலைப்பைப் பாத்துட்டு மூணு நாள் திறக்கவே இல்லை. அத்தனாசியுஸ் சொன்னதும் அதுவும் வேற வேறன்னா எனக்கு அது எப்படின்னு தெரியணும்.

பழையஏடு:
அம்மா, உங்க தாயாருக்கு நடந்தது பெரிய கொடுமை. அதுக்கும் பிதாக்களுக்கும் சம்பந்தம் இல்லைங்கறதை நான் வெறுமனே சொல்லிட்டுப் போகக் கூடாது, காட்டணும். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

அத்தனாசியுஸ் இந்தப் பேச்சை எதுக்கு எடுத்தாருன்னு பாத்தா போதும். மனுஷனை உயர்த்திப் பேச அவர் எடுக்கல, குமாரன் யாருங்கறதை நிலைநாட்டத்தான் எடுத்தாரு. ஆரியுஸ், குமாரனும் படைக்கப்பட்டவர்தான், எல்லாத்துக்கும் மேலான படைப்புன்னு சொன்னாரு. 325-ல நிகேயாவுல கூடின சங்கம் அதை மறுத்தது, ஆனா சண்டை அதோட ஓயல. 328-ல அலெக்சாந்திரியாவுக்கு பிஷப்பான அத்தனாசியுஸ் 373-ல சாகற வரைக்கும் அஞ்சு தடவை நாடு கடத்தப்பட்டாரு, எல்லாம் சேத்தா 17 வருஷம் கிட்ட வெளியிலயே போச்சு. அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வாதம் எளிமையானது. குமாரனே தேவத்துவத்தை வெளியில இருந்து பங்கா வாங்கினவர்னா அது அவரோட சொந்தமில்லை, சொந்தமில்லாததை அவர் எப்படி நமக்கு எடுத்துக் குடுப்பாரு? படைப்பு படைப்பைத் தேவனோட சேர்க்க முடியாது. அவர் நம்மளை சேர்த்துட்டாரு, அதனால அவர் படைப்பு இல்லை. இதே வாதத்தைப் பரிசுத்த ஆவியானவரைப் பத்தி செராபியோனுக்கு எழுதின கடிதங்கள்லயும் வைக்கறாரு.

இப்ப கவனிங்க, இந்த வாதம் நிக்கணும்னா படைச்சவருக்கும் படைப்புக்கும் நடுவுல இருக்கற கோடு அசையாம இருக்கணும். வேதவாசகன் தம்பி பயப்படறாரே அந்தக் கோடு, அதைக் காப்பாத்தறதுக்காகவே சொல்லப்பட்ட வார்த்தை இது. "குட்டி தேவர்கள்"னு பிரசங்கிக்கறவங்க அந்தக் கோட்டையே எடுத்துடறாங்க, வல்லமையை மனுஷன் வாய்க்குள்ள வச்சுடறாங்க.

அவர் சொன்ன இரட்சிப்புல முக்கியமானது என்னன்னா, நம்ம சாவும் அழிவும் அவர் மேல போச்சு, அவரோட அழியாமை நம்ம மேல வந்தது. அதுக்கு அவர் சரீரம் எடுத்தாரு, பசிச்சாரு, களைச்சாரு, அழுதாரு, வலியில கத்தினாரு. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்"னு சத்தமா சொன்னவர் அவர். எடுத்துக்கொள்ளப்படாதது குணமாக்கப்படலன்னு அதே நூற்றாண்டுல இருந்த இன்னொரு பிதா நசியான்சு கிரகோரியார் எழுதினாரு, அதாவது நம்மகிட்ட இருக்கற எதை அவர் எடுத்துக்கலயோ அது குணமாகாமலேயே நின்னுடும். உங்க தாயாரோட வலியை அவர் எடுத்துக்கிட்டாரு. அதை வாய்விட்டுச் சொல்றது அவிசுவாசமா இருக்கவே முடியாது.

புதுத்துளிர்:
ஐயா, படிச்சேன். இப்ப எதுவும் எழுத முடியல. அப்புறம் வரேன்.

நடுச்சாமம்:
நான் கிறிஸ்தவன் இல்லைங்க, சைவ சித்தாந்தம் படிக்கறவன், இங்க சும்மா வாசிக்க வருவேன். ஒரு சந்தேகம். நீங்க பேசறது அத்வைதமா? ஜீவனும் பிரம்மமும் ஒண்ணுங்கற மாதிரியா, இல்ல எங்க பக்கம் சொல்ற மாதிரி சேர்ந்தாலும் ரெண்டாவே இருக்கறதா? எங்க நூல்கள்ல முத்தி நிலைக்கு தாடலைன்னு ஒரு உவமை உண்டு. தாள், தலை ரெண்டும் சேர்ந்தா தாடலைன்னு ஒரே சொல் ஆயிடுது, காதுல ஒண்ணாத்தான் கேக்குது, ஆனா தாளும் போகல தலையும் போகல, இறைவனோட தாள்தான், அடியானோட தலைதான்.

பழையஏடு:
நல்ல உவமை குடுத்தீங்க ஐயா, நன்றி. கேட்ட கேள்விக்கு நேரா பதில்னா, இந்தப் பிதாக்கள் சொல்றது அத்வைதம் இல்லை. 451-ல கால்செதோன் சங்கம் கிறிஸ்துவுக்குள்ள தேவ இயல்பும் மனுஷ இயல்பும் கலக்காம, மாறாம, பிளவுபடாம, பிரியாம இருக்குன்னு நாலு சொல்லால வேலி போட்டது. நாம அவரோட சேர்றதும் அந்த வேலிக்குள்ளதான். கிழக்கத்திய பிதாக்கள் அடிக்கடி சொல்ற உவமை தீயில போட்ட இரும்பு. இரும்பு செவந்து, சுட்டு, வெளிச்சம் குடுத்து தீ மாதிரியே ஆயிடும், தீ செய்யற எல்லாத்தையும் செய்யும், ஆனா இரும்பாவேதான் இருக்கும், வெளிய எடுத்தா ஆறிப்போகும்.

ஒரு இடத்துல மட்டும் உங்க உவமையை விட்டு இவங்க வேற பக்கம் போறாங்கன்னு நினைக்கறேன். இங்க அந்தச் சேர்க்கை முதல்ல ஒரு சரீரத்துல நடக்குது, ஒரு பெண்ணோட வயித்துல, ஒரு குறிப்பிட்ட காலத்துல. முடிவும் சரீரத்தோட உயிர்த்தெழறதுதான். ஆத்துமா உடம்பை உதறிட்டுத் தப்பிச்சுப் போறதை இவங்க இரட்சிப்புன்னு சொல்லல.

நடுச்சாமம்:
புரியுதுங்க. உடம்புங்கற இடம் எனக்குப் புதுசா இருக்கு, யோசிக்கணும்.

மெழுகுவத்தி:
கிழக்குல இதைப் பத்தி நடந்த பெரிய வழக்கையும் ஐயா சொல்லணும், 14-ம் நூற்றாண்டு கிரேக்கத் துறவி பலாமாஸ் கிரகோரியார் விஷயம். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சுருக்கமா சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. ஆத்தோஸ் மலைத் துறவிகள் இயேசு நாமத்தைச் சொல்லி அமைதியா ஜெபிக்கறப்ப ஒரு வெளிச்சத்தைக் காண்கிறோம், அது மறுரூப மலையில சீஷர்கள் கண்ட வெளிச்சம்னு சொன்னாங்க. கலாப்ரியாவுல இருந்து வந்த பர்லாம்ங்கற அறிஞர், கடவுளை யாரும் காண முடியாது, நீங்க பாக்கறது படைக்கப்பட்ட வெளிச்சம்தான்னு சொல்லிக் கடுமையா எதிர்த்தாரு. பலாமாஸ் பதில் சொன்னாரு, கடவுளோட உள்ளியல்பு யாருக்கும் எட்டாது, பரலோகத்துலயும் எட்டாது, ஆனா அவரோட செயலாற்றல்கள் நம்மகிட்ட வருது, அதுவும் கடவுளேதான், படைக்கப்பட்டது இல்லை. 1341-லயும் 1351-லயும் கான்ஸ்தாந்திநோபிள்ல கூடின சங்கங்கள் பலாமாஸ் பக்கம் தீர்ப்புச் சொல்லிச்சு.

எங்க மேற்கத்திய மரபு இந்த உள்ளியல்பு, செயலாற்றல்ங்கற பிரிவை அப்படியே ஏத்துக்கல, 13-ம் நூற்றாண்டு இறையியலாளர் அக்வினாஸ் வேற மொழியில பேசறாரு, தீதான் தீ பத்த வைக்க முடியும் அது மாதிரி கடவுள்தான் கடவுள்மயமாக்க முடியும்னு. கடவுள்ங்கற சொல்லையே கடந்தும் உள்ளும் இருக்கறவர்னு பிரிச்சுச் சொல்றவங்க நம்ம மொழியில உண்டு. சொல் பிறந்த கதை அதுவா இல்லையாங்கறது இருக்கட்டும், பலாமாஸ் சொல்ல வந்த ரெண்டும் அதுல இருக்கு.

வேதவாசகன்:
ரெண்டு நாளா இதையே படிச்சிட்டிருக்கேன். நான் மதிக்கறவர் 16-ம் நூற்றாண்டு சபைச் சீர்திருத்தக்காரர் கால்வின், அவர் இதுக்கு எதிராத்தான் எழுதியிருப்பாருன்னு நினைச்சு இரண்டாம் பேதுருவுக்கு அவர் எழுதின விளக்கத்தை எடுத்துப் பாத்தேன். சுவிசேஷத்தோட நோக்கமே நம்மளைக் கடைசியில தேவனுக்கு ஒப்பாக்கறது, அப்படிச் சொல்லலாம்னா ஒரு வகையில தேவனாக்கறதுன்னு எழுதியிருக்காரு. மூணு தடவை வாசிச்சேன். கூடவே, சுபாவம்ங்கறதை தேவனோட உள்ளியல்புன்னு எடுத்துக்கக் கூடாது, அவரோட தன்மைன்னு எடுத்துக்கணும், நாம தேவனுக்குள்ள கரைஞ்சு போறோம்னு சொல்றவங்க உளர்றாங்கன்னு எச்சரிக்கையும் குடுக்கறாரு. என் பயத்தையும் அவர் சொல்லிட்டாரு, நான் ஒதுக்கினதையும் அவரே சொல்லிட்டாரு. தத்துவக் கலப்புன்னு நான் முதல்ல எழுதினது அவசரத்துல எழுதினது, அதைத் திரும்ப எடுத்துக்கறேன்.

ஆனா ஒண்ணு இன்னும் எனக்கு உறுத்துது. நீதிமானாக்கப்படறதும் தேவனாக்கப்படறதும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துட்டா, நான் எவ்வளவு மாறியிருக்கேன்னு என்னையே அளந்து பாக்க ஆரம்பிச்சுடுவேன். சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச லூத்தர் அந்த இடத்துல இருந்துதானே தப்பிச்சு வந்தாரு.

பழையஏடு:
தம்பி, திரும்ப எடுத்துக்கறேன்னு சொல்ல மனசு வேணும், உங்களுக்கு இருக்கு. உங்க உறுத்தல் நியாயமானது, நான் அதைத் தள்ளல. அகுஸ்தீன் சங்கீதம் பத்தின ஒரு பிரசங்கத்துல ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றாரு, நீதிமானாக்கறவரே தேவனாக்கவும் செய்யறாரு, ஏன்னா நீதிமானாக்கறப்பவே பிள்ளைகளாக்கிடறாருன்னு, இயல்பால பிறந்த பிள்ளை இல்லை, கிருபையால சுவீகாரம் எடுத்த பிள்ளைன்னு. சுவீகாரப் பிள்ளை தன்னைத்தானே அளந்து பாத்துப் பிள்ளையாகறதில்லையே. அப்பா எடுத்துட்டு வந்த அன்னைக்கே பிள்ளை, அப்புறம் அந்த வீட்டுல வளர வளர அவர் நடையும் பேச்சும் இதுக்கும் வந்துடும்.

லூத்தரைப் பத்தியும் ஒரு விஷயம். பின்லாந்து லூத்தரன் சபைக்காரங்க 1970-கள்ல ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையோட பேச்சுவார்த்தை நடத்தினப்ப, மன்னெர்மாங்கற இறையியலாளர் லூத்தரோட கலாத்தியர் விளக்கத்தைத் திரும்ப வாசிச்சு, விசுவாசத்துக்குள்ளேயே கிறிஸ்து வந்து இருக்கறாருன்னு லூத்தர் சொல்றதை எடுத்துக் காட்டினாரு. அவர் வாசிப்பு சரியா இல்லையான்னு லூத்தரன்களுக்குள்ளேயே இன்னும் வாக்குவாதம் இருக்கு. என் கருத்துக்கு அவர் கொஞ்சம் அதிகமாவே இழுக்கறாரு, ஆனா கிறிஸ்து நமக்கு வெளிய நின்னுட்டு நம்ம கணக்குல எழுதிட்டுப் போறவர் மட்டும் இல்லைங்கறது லூத்தர்கிட்ட கண்டிப்பா இருக்கு.

கரையோரம்:
நான் மெதடிஸ்ட் சபையில வளந்தவ, அந்த இயக்கத்தை ஆரம்பிச்ச வெஸ்லியோட 1738 மே 24 எங்களுக்கு மனப்பாடம், சாயங்காலம் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்துல அவர் நெஞ்சு அனலானது. நேத்து அவர் நாட்குறிப்பைத் திரும்ப எடுத்துப் படிச்சேன். அன்னைக்குக் காலையில அஞ்சு மணி சுமாருக்கு அவர் புதிய ஏற்பாட்டைத் திறந்தப்ப கண்ணுல பட்ட வசனம் இதேதான், திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்களாகறது. இத்தனை வருஷமா சாயங்காலத்தை மட்டும் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க, காலையை யாரும் சொல்லல. படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா தம்பியோட கேள்விக்கு இன்னும் ஒரு கண்ணி தேவைப்படுது. வாங்கிக்கறது, பிடுங்கறது, அந்த வித்தியாசம் புரிஞ்சது. அப்ப தேவன் எப்படியும் குடுக்கப் போறதைத்தான் ஆதாம் கேட்டானா? அப்ப ஏன் தடுத்தாரு?

பழையஏடு:
அம்மா இங்கதான் இரேனியுஸ் வேணும். 180 சுமாருக்கு லியோன்ல பிஷப்பா இருந்து எழுதினவர். ஆதாம் குழந்தையா இருந்தான்ங்கறாரு அவர். தேவனால முதல் நாளே பூரணத்தைக் குடுக்க முடியும், குழந்தையால வாங்கிக்க முடியாது, கைக்குழந்தைக்குத் தாயால கெட்டிச் சாப்பாடு குடுக்க முடியும் ஆனா குழந்தையால தின்ன முடியாதுங்கற மாதிரி. நசியான்சு கிரகோரியாரும் அந்த மரம் கெட்டது இல்லை, பொறாமையில தடுத்ததும் இல்லை, ஏத்த காலத்துல தின்னா நல்லதா இருந்திருக்கும், காலத்துக்கு முன்னாடி பறிச்சதுதான் கேடுங்கறாரு. சர்ப்பத்தோட பொய் எங்க இருக்குன்னா, தேவன் பொறாமைக்காரர், உங்களுக்குக் குடுக்க மாட்டாருன்னு சொன்னதுல இருக்கு. அது வாக்குப் பண்ணின பொருள் பொய் இல்லை, குடுக்கறவரைப் பத்திச் சொன்னது பொய்.

கிறிஸ்துவைப் பாருங்க, பிலிப்பியர் ரெண்டுல. தேவனுடைய ரூபமா இருந்தவர் "தம்மைத்தாமே வெறுமையாக்கி" அடிமையின் ரூபம் எடுத்தாரு. ஆதாம் இல்லாததை எட்டிப் பறிக்கப் போனான், இவர் இருந்ததையே இறுக்கிப் பிடிச்சுக்கல. அப்ப தேவனைப்போல ஆகறதுன்னா இவரைப்போல ஆகறது, கால் கழுவற வேலை அது. அதிகாரம் தேடறவன் கையில இந்த உபதேசம் அகப்பட்டா அது அன்னைக்கே சர்ப்பத்தோட உபதேசமா மாறிடும்.

வேதவாசகன்:
மோர்மன் உபதேசத்தையும் ஒரு வரியில பிரிச்சுக் காட்டணும் சிஸ்டர், வகுப்புல யாராவது கேப்பாங்க. மனுஷன் இப்ப இருக்கற மாதிரி தேவன் ஒரு காலத்துல இருந்தாரு, தேவன் இப்ப இருக்கற மாதிரி மனுஷன் ஆகலாம்ங்கற அர்த்தத்துல பின்னாடி மோர்மன் சபைத் தலைவரான லொரென்சோ ஸ்னோ 1840-ல சொன்னது. அதுல தேவனும் மனுஷனும் ஒரே ஏணியில மேல் படி கீழ் படி. பிதாக்கள்கிட்ட அப்படி ஏணியே கிடையாது.

மெழுகுவத்தி:
எங்க பக்கமும் எல்லை தாண்டினவங்களைத் திருத்தியிருக்காங்க. ஜெர்மன் துறவியும் போதகருமான எக்கார்ட்டோட 28 வாக்கியங்களை 1329-ல போப் 22-ம் ஜான் கண்டிச்சப்ப அதுல ஒண்ணு, அப்பம் கிறிஸ்துவோட உடலா மாறற மாதிரி நாமும் முழுசாக் கடவுளா மாற்றப்படறோம்ங்கறது. இரும்பு இரும்பா இல்லாமப் போற இடம் அது.

கரையோரம்:
வகுப்பு முடிஞ்சு வந்துட்டேன். வினைச்சொல்லுல ஆரம்பிச்சேன், அப்புறம் இரேனியுஸோட குழந்தை, அப்புறம் பிலிப்பியர் ரெண்டு. தம்பி கடைசி வரைக்கும் குனிஞ்சு எழுதிட்டே இருந்தான். முடிச்சப்ப, அக்கா இது எனக்கு ஒத்துக்குது, ஆனா எல்லாமே அவர் ஆக்கறதுன்னா நான் என்னதான் செய்யணும், சும்மா உக்காந்திருக்கவான்னு கேட்டான். இந்தத் தடவையும் என்கிட்ட பதில் இல்லை, ஆனா வெக்கமா இல்லை.

புதுத்துளிர்:
அக்கா, நான் திரும்ப வந்துட்டேன். ஐயா எழுதினதை அம்மா படத்துக்கு முன்னாடி உக்காந்து சத்தமா வாசிச்சேன், வேற எதுவும் சொல்லத் தெரியல. தம்பியோட கேள்வி எனக்கும் இருக்கு. அந்தச் சபையில எல்லாம் நாங்கதான் செய்யணும்னு இருந்தது, இப்ப செய்யவே எதுவும் இல்லைன்னாலும் பயமா இருக்கு.

பழையஏடு:
இந்தக் கேள்விக்காக நாக்கை இழந்தவர் ஒருத்தர் இருக்காரு, ஏழாம் நூற்றாண்டு துறவி மக்சிமுஸ். கிறிஸ்துவுக்குத் தேவ சித்தம் ஒண்ணு மட்டும்தான், மனுஷ சித்தம் இல்லைன்னு அரசாங்கமே சொல்லச் சொன்ன காலம். அவர் மறுத்தாரு. கெத்செமனேயில "என்னுடைய சித்தத்தின்படியல்ல"ன்னு சொன்னப்ப அங்க ஒரு மனுஷ சித்தம் இருந்துச்சு, பயந்துச்சு, அப்புறம் தானே மனசோட பிதாவுக்கு இணங்கிச்சு. அந்த சித்தம் அவருக்குள்ள இல்லைன்னா நம்ம சித்தம் குணமாகவே இல்லைன்னு சொன்னாரு. 662-ல நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தினாங்க, அதே வருஷம் இறந்துட்டாரு. 680-ல ஆரம்பிச்சு 681-ல முடிஞ்ச சங்கம் அவர் சொன்னதைத்தான் சரின்னுச்சு. அதனால சும்மா உக்காந்திருக்கறது இல்லை, நம்ம சித்தம் உயிரோட இருக்கணும், இணங்கணும்.

அதைவிட எளிமையா வேணும்னா திரும்பவும் இரேனியுஸ்தான், அவரோட பெரிய நூல் முழுசா நமக்குக் கிடைச்சது லத்தீன்ல, நாலாம் புத்தகத்துல வருது. இன்னும் மனுஷனாவே ஆகாத நீ எப்படி தேவனாவேன்னு கேட்டுட்டு மேல சொல்றாரு, நீ தேவனை உண்டாக்கல, அவர்தான் உன்னை உண்டாக்கறாரு, அப்ப உண்டாக்கறவரோட கைக்குக் காத்திரு, அவர் எல்லாத்தையும் ஏத்த காலத்துல செய்யறாரு. உன் இதயத்தை இளகினதா வச்சிரு, உனக்குள்ள ஈரம் இருக்கட்டும், காஞ்சு இறுகிட்டா அவர் விரல் தடம் உன்கிட்ட இருந்து போயிடும். வார்த்தைக்கு வார்த்தை இல்லை, கருத்தைச் சொல்றேன்.

புதுத்துளிர்:
ஐயா, ஈரம்னா நம்ம பேச்சுல இரக்கம்னும் ஒரு அர்த்தம் இருக்கே. நெஞ்சுல ஈரம் இல்லாதவன்னு சொல்றோமே.

பழையஏடு:
இத்தனை வருஷமா இந்தப் பகுதியை வாசிக்கறேன் அம்மா, எனக்கு இது தோணினதே இல்லை. லத்தீன்ல அங்க இருக்கறது வெறும் நீர்ப்பதம்தான். நம்ம சொல்லுல அது கூடுதலாக் கிடைச்சிருக்கு.

கரையோரம்:
ஐயா எழுதின அந்தப் பத்தியை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழிச்சு, தன் நோட்டுல அதைக் கையால எழுதி படம் எடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கான். ஈரம்ங்கற சொல்லுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருக்கான், வேற எதுவும் எழுதல.